நான்கு மீட்டர்

பத்தூமியில் மழைக்கு விடுமுறை கிடையாது.
கருங்கடலில் முங்கி எழுந்து
தலைகூடத் துவட்டாமல்
நேரே எங்கள் ஐந்தாம் மாடிக்கு வந்துவிடும்.

முதலில் வந்தது வாசனை,
அலமாரியில் மறந்துபோன ஈரத்துண்டின் வாசனை.
அலமாரியைக் காலி செய்தேன். துண்டு இல்லை.
பிறகு விளக்குக்கு இடப்பக்கம்
சுண்ணாம்பு மெல்ல உப்பியது
புதுச் செருப்புக் கடித்த கொப்புளம்போல.
விரலால் அழுத்தினேன்.
அழுத்தியிருக்கக் கூடாது.

உங்கள் சமையல் நீராவிதான் என்றார்
குடியிருப்புக் குழுத் தலைவர் நுக்சார்,
கோட்டுப்பையிலிருந்து கையை எடுக்காமலே.
வெள்ளித்தாள் ஒரு சாண் வெட்டிக்
கறையின்மேல் வைத்து
நாலு ஓரமும் டேப் ஒட்டினேன்.
இரண்டு நாள்.
வெளிப்பக்கம் காய்ந்திருந்தது.
பிரித்தால் உள்பக்கம் வியர்த்துக் கிடந்தது.
ஆக, என் கெட்டில் நிரபராதி.

அதற்குப்பின் பென்சில்.
ஒவ்வொரு மழையும் விட்டதும்
நாற்காலிமேல் ஏறிக்
கறையின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அருகில் தேதி.
நவம்பர் 9. நவம்பர் 21.
டிசம்பர் 2, 3, 4.
அறுத்த மரத்தின் வளையங்கள் மாதிரி
என் கூரைக்கு வயதேறிக்கொண்டிருந்தது.

கறைக்கு நேர் மேலே
முர்மானின் டிஷ் நிற்கிறது.
அடுத்த படிக்கட்டுக்காரர், கப்பலில் வெல்டராக இருந்தவர்.
வேறென்ன சாட்சி வேண்டும்?
மூன்று குளிர்காலம் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.
முற்றத்தில் எதிரே வந்தால்
சாவி தேடுவதுபோல் பையைத் துழாவுவேன்.
புத்தாண்டுக்கு அவர் மனைவி கொடுத்தனுப்பிய
தேன் வால்நட் மிட்டாயை
நாக்கில் படாமல் அலுவலகத்தில் பங்கிட்டேன்.

ஏப்ரலில் ஜும்பேர் வந்தான், ரப்பர் குழாயோடு.
அவன் கூரையில், நான் கீழே
ஒரு கையில் போன், ஒரு கையில் டார்ச்.
முதலில் அந்த டிஷ்ஷில் ஊற்று என்றேன்.
அரைமணி நேரம் ஊற்றினான்.
வந்ததா?
இல்லை.
சரியாகப் பாருங்கள்.
இல்லை என்கிறேனே.
சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி
ஓரோர் இடமாக நகர்ந்தான்.
புகைபோக்கி. இல்லை. தளத்தின் மூட்டு. இல்லை.
நாலு மணிக்கு
ஒரு சொட்டு என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

எங்கே நிற்கிறாய்?
துணிக்கொடிக் கம்பத்தடியில்.

என் கம்பம்.
அண்ணியின் தம்பியிடம் டிரில் இரவல் வாங்கி
நானே முடுக்கிய நாலு போல்ட்.
ஒன்று தார்ச்சீட்டைத் துளைத்துப் போயிருக்கிறது.
அந்த ஓட்டையில் இறங்கிய தண்ணீர்
கான்கிரீட் பலகைகளின் இடுக்கைப் பிடித்துக்கொண்டு
நான்கு மீட்டர் இருட்டில் நடந்து,
குளியலறையைத் தாண்டி, நடையைத் தாண்டி,
முர்மானின் டிஷ்ஷுக்கு அடியில் வந்து
களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
நான் எய்துவிட்டு
அடுத்தவர் வீட்டில் வில் தேடியிருக்கிறேன்.

போல்ட்டைப் பிடுங்கி, ஈரம் போகச் சூடுகாட்டி,
ஓட்டையைவிடக் கையகலம் பெரிதாய்
ஒட்டு வெட்டினான் ஜும்பேர்.
தார் நாற்றம் பிடித்து முர்மான் மேலே வந்தார்.
தீயை இவ்வளவு கிட்டே பிடிக்காதே, சீட்டு கருகும்
என்று டார்ச்சை அவரே வாங்கிக்கொண்டார்.
சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.
மதிய வணக்கம் என்றேன்.
கடல் பக்கம் பார்த்துவிட்டு,
மாலையாகிவிட்டதே குல்தம்சே, என்றார்.

எண்பது லாரி.
கோடைமுழுக்கக் காயட்டும், பிறகு பெயின்ட் என்றான்.
மே 17, கனமழை.
நாற்காலிமேல் ஏறினேன். கோடு நகரவில்லை.
பழக்கதோஷம், தேதியை மட்டும் எழுதினேன்.

கம்பம் இல்லாததால்
ஈரத்துணி இப்போது அறைக்குள்தான் தொங்குகிறது.
ஜன்னல் மூலையில் ஏதோ கருப்பாகப் பூத்திருக்கிறது.
நுக்சார் பார்த்தால் நீராவி என்பார்.
இந்தமுறை
அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.